ரமீஸா பொறுக்கி எடுத்த பதினொரு வரிகள்

ரமீஸாவின் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். தட்டில் கொட்டிய ஏலக்காயின் மேல் உள்ளங்கை ஒரு சுற்றுச் சுற்றும். தடித்த காய் ஒரு பக்கம் ஒதுங்கும். வெளிறியது, கறுத்தது, வாய் பிளந்தது எல்லாம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் சிக்கி அதனதன் கிண்ணத்தில் போய் விழும். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு தட்டு முடிப்பதற்குள் இந்தக் கைகள் ஒன்றரைத் தட்டு முடித்திருக்கும். பதினெட்டு வருஷப் பழக்கம். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. தப்பாக ஒதுக்கிய காயை மொதலாளி திருப்பிக் கொட்டக் கொட்டத் தானாகப் படிந்தது.

பதினொன்றரைக்கு டீ வந்தது. டீயோடு பேப்பரும் வந்தது. போடி பஜாருக்குப் பின்னால் இருக்கும் பக்கீர் முகம்மதுவின் ஏலக்காய் குடோனில் அது ஒரு வழக்கம். இருபது பெண்கள் காய் பொறுக்குவார்கள், ஒருத்தி பேப்பர் படிப்பாள். படிப்பவள் தட்டில் கிடக்கும் காயை மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கை அள்ளித் தங்கள் தட்டில் போட்டு அவளுக்காகப் பொறுக்கித் தருவார்கள். அவள் கணக்குக் குறையக் கூடாது அல்லவா. எட்டாவதோடு நின்றிருந்தாலும் தட்டுத்தடுமாறாமல் படிப்பவள் ரமீஸாதான். அதனால் பதினைந்து வருஷமாக அந்த நாற்காலி அவளுக்கு.

அவள் படித்தால் சினிமா பார்த்த மாதிரி இருக்கும் என்பார்கள். விலைவாசியை ஒரு குரலில் படிப்பாள், அரசியலை ஒரு குரலில் படிப்பாள். குடும்பத்தில் நடந்த சாவு, ஓடிப்போனது, வெட்டிக்கொண்டது என்றால் குரல் இறங்கி, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, கடைசியில் ஒரு மூச்சு விடுவாள். கூட்டம் முழுக்க உச்சுக் கொட்டும்.

அந்தப் புதன்கிழமை அந்தக் குரலில்தான் ஆரம்பித்தாள். "தாய் ஜீப் டிரைவருடன் உல்லாசம், தந்தை போதையில் உறக்கம். கவனிப்பாரின்றிச் சிறுவன் பலி."

"அடிப் பாவி," என்றாள் பாண்டியம்மாள், காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதுகளுக்கெல்லாம் புள்ளை ஒரு கேடா."

"எந்த ஊருக்காரி?" என்று கேட்டாள் குருவம்மாள்.

ரமீஸா அடுத்த வரிக்குப் போனாள். "போடி முந்தல் சாலைப் பகுதியைச் சேர்ந்தவர் பிரதீப், வயது முப்பத்து மூன்று. இவரது மனைவி சுசித்ரா..."

அதோடு குரல் நின்றுவிட்டது. இருபது பேர் கைகளும் நின்றன.

சுசித்ரா இரண்டு வருஷம் முன்புவரை இதே குடோனில், ரமீஸாவுக்கு இடதுபக்கம் உட்கார்ந்து காய் பொறுக்கியவள். பிறகு எஸ்டேட்டில் கூலி கூட என்று மலைக்கு ஜீப் ஏறப் போய்விட்டாள். அவளுடைய ஐந்து வயது மகன் சுருளிவேல் திங்கட்கிழமை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தான். நேற்று அடக்கத்துக்கு இந்தக் குடோனிலிருந்து எல்லோரும்தான் போய் நின்றார்கள். தலைப்பைப் படிக்கும்போது அந்த வீடு ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை. அந்த வீட்டில் அவர்கள் பார்த்தது ஒன்று, தலைப்பில் இருந்தது வேறொன்று.

"மிச்சத்தையும் படி," என்றாள் பாண்டியம்மாள்.

படித்தாள். மொத்தம் பதினொரு வரி. இந்தத் தடவை எந்தக் குரலும் இல்லாமல் படித்தாள்.

முடித்ததும் குருவம்மாள் மெதுவாக, "ஒண்ணுமில்லாமயா போடுவாக?" என்றாள். "நானே பாத்திருக்கேன் தாயி. காலையில ஜீப்புல அவ முன் சீட்டுல, டிரைவருக்குப் பக்கத்துல உக்காந்துதான் போவா. மத்தவளுக எல்லாம் பின்னாடி நசுங்கிக்கிட்டுப் போவாளுக."

ரமீஸா பேப்பரை மடித்தாள். அவளுக்கு வேறொன்று உள்ளே குறுகுறுத்தது. இதே நாற்காலியில் உட்கார்ந்து இந்த மாதிரி எத்தனை தாயை, எத்தனை தகப்பனை இழுத்து இழுத்துப் படித்திருப்பாள்? போன மாசம் கம்பத்துப் பக்கம் ஒருத்தி. அதற்கு முன்னால் சின்னமனூரில் ஒருத்தி. அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கிய யாராவது இருந்திருப்பார்கள்தானே.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சுசித்ராவே வந்தாள். உள்ளே வரவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். ரமீஸா எழுந்து போனாள்.

"அக்கா, கார்த்திகாவையும் கூட்டிட்டுப் போயிட்டாக."

கார்த்திகா மூத்தவள், ஒன்பது வயது. காலையில் பேப்பரைப் பார்த்த யாரோ குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். பத்து மணிக்குத் தேனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பெண் பிள்ளை இந்த வீட்டில் இருக்கலாமா என்று விசாரிக்கும் வரைக்கும் விடுதியில் இருக்கட்டும் என்று அழைத்துப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை.

"அந்த மேடம் பேப்பர்ல வந்ததைக் கத்தரிச்சு பைலுல வச்சிருக்காகக்கா. இதெல்லாம் உண்மையாம்மான்னு கேட்டாக. எனக்கு வாயே தெறக்கல. எழுத்துல ஏதாச்சும் இருந்தா கொண்டான்னாக." சுசித்ராவின் கண் காய்ந்துபோய் இருந்தது. "ஒருத்தனைக் குழியில வச்சிட்டேன். இவளையாச்சும் வீட்டுக்குக் கொண்டாரணும். நீ நல்லாப் படிப்பியே, ஒரு பதில் எழுதித் தாக்கா."

ரமீஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பொய் சொல்லலைன்னு நான் எழுதினா ஆச்சா? நான் யாரு? வெள்ளிக்கிழமைக்குள்ள பாப்போம். நீ வீட்டுக்குப் போ."

திரும்பி வந்தவள் உட்காரவில்லை. மூட்டைச் சணல் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். பேப்பரை விரித்து அந்தச் செய்தியை வரிவரியாக வெட்டினாள். பதினொரு துண்டு. காலியான தட்டில் அவற்றைப் பரப்பினாள்.

"என்ன சோலி பாக்குற?" என்றாள் பாண்டியம்மாள்.

"பொறுக்குறேன்."

ஒவ்வொரு துண்டையும் எடுத்து ஒரே கேள்வியைக் கேட்டாள்: இதை யார் பார்த்தது? பிரதீப்புக்கு வயது முப்பத்து மூன்று, கூலித் தொழிலாளி. சரி, நல்ல காய். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். நல்ல காய். மகன் தொட்டியில் விழுந்து இறந்தான். நல்ல காய்தான். போலீசார் விசாரிக்கிறார்கள், அதுவும்.

"கவனிக்க ஆளின்றி மகன் வெளியே சென்றான்." அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். பிறகு அதையும் நல்ல காய்ப் பக்கமே வைத்தாள்.

"சுசித்ரா எஸ்டேட் வேலைக்குச் செல்வதாகக் கூறி வந்தார்." வேலைக்குப் போனாள் என்று எழுத பேப்பர்காரனுக்கு மனசு வரவில்லை, கூறி வந்தாராம். "சம்பவத்தன்று டிரைவருடன் ஜீப்பில் முன் இருக்கையில் அமர்ந்து மலைக்குச் சென்றார்." இந்த இரண்டும் வாய் பிளந்த காய். தோல் இருக்கிறது, உள்ளே பாதி ஏலரிசி கொட்டிப் போயிருக்கிறது.

மிச்சம் நாலு துண்டு. டிரைவருடன் நெருங்கிப் பழகியதாகத் தெரிகிறது. யாருக்குத் தெரிகிறது? தம்பதியிடையே அடிக்கடி தகராறு. பிரதீப் போதையில் தூங்கினார். பெற்றோரின் தவறான வாழ்க்கை முறையால் பிஞ்சு உயிர் பலியானது. இந்த நாலையும் ஊதினால் பறந்துவிடும் போலிருந்தது. ஆனால் தலைப்பு இந்த நாலையும் வைத்துத்தான் கட்டியிருந்தது.

ரமீஸாவுக்கு உடம்பு முழுக்க ஒரு சூடு ஏறியது. கோபம் கொஞ்சம்தான். எந்தக் குவியலில் எது கிடக்கிறது என்று தெரிந்துபோன வேகம் அது. நேராகப் பக்கீர் முகம்மதுவிடம் போனாள்.

"மொதலாளி, நாளைக்கும் வெள்ளிக்கிழமையும் எனக்கு லீவு வேணும்."

"வெள்ளிக்கிழமை லாட் ஏலத்துக்குப் போகணும். முப்பது மூட்டை கெடக்கு. நீ இல்லாம?"

"இருபது பேரு இருக்காளுகளே."

"இருபது பேரு பொறுக்குனதை மறுபடி பொறுக்க நீதானே இருக்க." பக்கீர் முகம்மது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளே நடந்தது முழுக்க அவர் காதில் விழுந்திருந்தது. "அந்தப் புள்ளை இங்க வேலை பாத்தவதானே. போ. போறதுக்கு முன்னாடி அந்தத் துண்டையெல்லாம் ஒரு கவர்ல போடு. காத்துல பறந்துறாம."

வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கே ரமீஸா ஜீப் நிற்குமிடத்துக்குப் போய்விட்டாள். மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் சோத்துச் சட்டியோடு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் தவசிக்கு ஐம்பத்தெட்டு வயது. தலையில் நாலு முடி, அதுவும் வெள்ளை.

"தவசியண்ணே, பேப்பர் பாத்தீகளா?"

"பாத்தேன்." அவர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எம்பொஞ்சாதியும் பாத்தா. நேத்துலேருந்து இந்த மூஞ்சிக்கு உல்லாசம் ஒரு கேடான்னு கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறா. எனக்குத்தான் சிரிப்பு வரல. அந்தப் புள்ளை மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"அவ ஏன் முன் சீட்டுல உக்காருறா?"

பின்னாலிருந்து நாலைந்து பேர் ஒன்றாகச் சிரித்தார்கள். "நீ அவளுக்குப் பக்கத்துல உக்காந்து பாரு, தெரியும்," என்றாள் ஒருத்தி.

தவசிதான் சொன்னார். போடிமெட்டு ஏறுவதற்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது வளைவிலேயே சுசித்ராவுக்கு வயிற்றைப் புரட்டும். முதல் மாசம் பின்னால் உட்கார்ந்து, முன்னால் இருந்தவள் சேலையெல்லாம் வாந்தி. அப்புறம் பெண்களே கூடிப் பேசி அவளை முன் சீட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு போவாள். மலை ஜீப்புகளில் இது சட்டம் மாதிரி: வாந்தி எடுப்பவளுக்கு முன் சீட்டு. மலைக்குப் போகாதவர்களுக்கு அது தெரியாது. கீழே ரோட்டில் நிற்கிறவனுக்குத் தெரிவது டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்பளைதான்.

"ரெண்டு வருஷத்துல அவ என்கிட்ட பேசுனது ஒரே பேச்சு," என்றார் தவசி. "அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க."

ரமீஸா முந்தின இரவே துண்டுகளை ஒட்டிவைத்த பெரிய தாளை நீட்டினாள். "திங்கக்கிழமை இந்த ஜீப்புல வந்தவுக எல்லாம் கையெழுத்துப் போடுங்க. பாத்ததை மட்டும் எழுதுங்க. அவ நல்லவ, வல்லவன்னு எல்லாம் வேணாம்."

"எஸ்டேட்டுல லேட்டாப் போனா வைவானே," என்றாள் ஒருத்தி.

"நான் வெரசா ஓட்டுறேன், போடு," என்றார் தவசி.

பதினொரு பேர் போட்டார்கள். எழுதத் தெரியாத இரண்டு பேர் பெருவிரலில் மை தடவி வைத்தார்கள். ஜீப் கிளம்பும்போது ஒருத்தி பின்னாலிருந்து கத்தினாள், "எஸ்டேட்டுல மஸ்டர் இருக்குல்ல, அதையும் கேளு. பேபிச்சேட்டன் நம்பர் தர்றேன்."

மஸ்டர் என்பது யார் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்கள் என்று எஸ்டேட்டில் எழுதும் ஏடு. பேபிச்சேட்டன் அதை எழுதுகிற மேஸ்திரி. ரமீஸா போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அரை மணி நேரத்தில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டார். கூடவே மலையாளம் கலந்த தமிழில் ஒரு குரல் பதிவு: "சுசித்ரா அன்னு எட்டு மணிக்கே மஸ்டரில் உண்டு. பதினொண்ணேகாலுக்கு விவரம் அறிஞ்சது, ஞான்தான் வேற ஜீப்பு பிடிச்சு அனுப்பினது. பாவம், அந்தப் பெண்குட்டி கரைஞ்சு அழுதது இப்பவும் காதுல நிக்கிது."

ரமீஸா நடுரோட்டில் நின்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். திங்கட்கிழமை, எட்டு மணி, சுசித்ரா. கூறி வந்தாராம். அவளுக்குக் கை பரபரத்தது. முந்தல் சாலைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பிரதீப் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இன்னும் காய்ச்சல் விடவில்லை. இரவெல்லாம் மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு விடிகாலையில் திரும்புகிறவன். திங்கட்கிழமை எட்டரை மணிக்கு மகனைத் தோளில் போட்டுக்கொண்டே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். சீட்டு இருந்தது. தேதி, காய்ச்சல் நூற்று மூன்று, டாக்டர் கையெழுத்து. மாத்திரையைப் போட்டுவிட்டு, மகனைப் பக்கத்தில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினான்.

"தாப்பாள் போட்டேன்னுதான் நெனச்சேங்க்கா," என்றான். "போடலை போல."

ரமீஸா அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமலே, "நீ குடிப்பியா பிரதீப்பு?" என்று கேட்டாள். "கேக்க வேண்டிய கேள்வி. தப்பா எடுத்துக்காத."

"பொங்கலுக்கு ஒரு தடவை. கூட்டாளிகளோட. அன்னைக்கு இல்லைக்கா. அன்னைக்கு இல்லை."

"அதை அப்படியே எழுதிக்கிறேன்."

சுசித்ரா உள்ளேயிருந்து வந்தாள். தாளில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். 'கவனிக்க ஆளின்றி' என்ற துண்டுக்கு எதிரில் உண்மை என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இதை எடுத்துருக்கா."

"இது நடந்தது சுசி."

"நடந்ததுதான். அதை நீயே ஒட்டிக் கொண்டுபோய்க் குடுக்கணுமா? அதைப் படிச்சதும் அவுக குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டா? என் மகளுக்கு என்ன பண்ணுவ நீ?"

ரமீஸாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. இரவெல்லாம் இருந்தது. "நீ என்கூட உக்காந்து காய் பொறுக்குனவ," என்றாள். "வாங்குறவன் என்ன பண்ணுவான்? மூட்டையில அடியில கைய விட்டு ஒரு பிடி எடுப்பான். ஒரு வெடிச்ச காயை ஒளிச்சு வச்சிருந்தோம்னு தெரிஞ்சா முப்பது மூட்டையையும் நம்ப மாட்டான். தனியா எடுத்து இது வெடிச்சதுன்னு சொல்லிக் குடுத்தா மிச்சத்தை நம்புவான். ஒரு வரியை நான் ஒளிச்சா, அவன் எழுதினதுக்கும் நான் எழுதினதுக்கும் என்ன வித்தியாசம்?"

சுசித்ரா தாளை அவள் பக்கம் தள்ளினாள். உள்ளே போய்விட்டாள். அது சம்மதமா கோபமா என்று ரமீஸாவுக்குத் தெரியவில்லை.

இனி ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. அந்தப் பேப்பருக்கு போடியில் செய்தி அனுப்புகிறவன் அருள்மொழி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். செய்திக்கு வருவது சில்லறைக் காசு, பிழைப்பு ஜெராக்ஸில்தான். ரமீஸா உள்ளே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னக்கா, எத்தனை காப்பி?"

"காப்பி வேணாம் தம்பி. ஒரு அஞ்சாறு கேள்வி." தாளை மேஜையில் விரித்துப் போதைத் துண்டின் மேல் விரலை வைத்தாள். "இதை யார் சொன்னது?"

அருள்மொழி துண்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "அக்கம்பக்கத்துல தூங்கிட்டிருந்தாருன்னு சொன்னாங்க."

"தூங்குனது சரி. போதை?"

"பகல் பதினொரு மணிக்கு ஒரு ஆம்பளை தூங்குறான்னா..." அவனாகவே நிறுத்திக்கொண்டான்.

"லோடு எறக்குறவன் பின்னே எப்பத் தூங்குவான்? உங்க அப்பா என்ன வேலை பாத்தாக?"

"மில்லுல. நைட் ஷிப்டு." அவன் காதோரம் சிவந்தது.

ரமீஸா விரலை அடுத்த துண்டுக்கு நகர்த்தினாள். "நெருங்கிப் பழகியதாகத் தெரிகிறது. யாருக்குத் தெரியுது?"

அருள்மொழி போனை எடுத்து, தான் அனுப்பியதைத் திறந்து அவள் முன்னால் வைத்தான். "பாருங்க. ஜீப் டிரைவருடன் முன் இருக்கையில் மலைக்குச் சென்றிருந்தார். நான் எழுதுனது இவ்வளவுதான். பழகினது, உல்லாசம், தகராறு எல்லாம் ஆபீசுல சேத்தது."

"முன் இருக்கைங்கிறதை எதுக்கு எழுதுன?"

அவன் போனைத் திருப்பி எடுத்துக்கொண்டான். ஒருவர் வந்து ஆதார் அட்டையை நீட்டினார். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தான். அவர் போனபிறகும் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். "அப்படி எழுதுனாத்தான் மேட்டரை எடுப்பாங்க," என்றான். "சும்மா தொட்டியில விழுந்துட்டான்னா ரெண்டு வரி. அதுகூட வராது."

ரமீஸா தாளில் அதையும் எழுதிக்கொண்டாள். எழுதும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. பதினொரு துண்டையும் மறுபடி ஒரு முறை கண்ணால் தடவினாள். பொறுக்குகிற பழக்கத்தில் தட்டில் கிடப்பதைத்தான் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டுக்கு வராமலே போனது எது என்று பார்க்கவில்லை.

"தம்பி, அந்தத் தொட்டி யாருது?"

"எந்தத் தொட்டி?"

"பையன் விழுந்தது. பதினொரு வரியில அம்மா எங்க உக்காந்திருந்தான்னு இருக்கு, அப்பா எப்படித் தூங்குனான்னு இருக்கு. தொட்டி யாருதுன்னு இல்ல. மூடி இருந்துச்சா இல்லையான்னு இல்ல."

அருள்மொழி போனில் தான் அனுப்பியதை மறுபடி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "நான் கேக்கல," என்றான். அவன் சொன்னதில் முழு உண்மை அதுதான் என்று ரமீஸாவுக்குப் பட்டது. அடக்கத்துக்குப் போய்வந்த அவளும் அதைக் கேட்கவில்லையே.

அவன் கடையை இழுத்துப் பூட்டினான். இருவரும் அவனுடைய மொபெட்டில் முந்தல் சாலைக்குப் போனார்கள். பிரதீப் வீட்டிலிருந்து நாற்பதடி தூரத்தில் பாதியில் நின்ற ஒரு கட்டடம். வேலியும் இல்லை, அடைப்பும் இல்லை. கட்டட வேலைக்குத் தண்ணீர் பிடித்துவைக்கத் தோண்டிய தொட்டி தரையோடு தரையாக, எட்டடி ஆழத்தில், வாயைத் திறந்து கிடந்தது. இரண்டு பலகை மட்டும் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தது. ஒரு பிள்ளை செத்து மூன்று நாள் ஆன பிறகும் அதை எடுத்து மூட ஒருவருக்கும் கை வரவில்லை. பத்தடி தள்ளி இரண்டு சின்னப் பிள்ளைகள் டயர் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரமீஸா ஓடிப்போய் முதலில் அந்தப் பிள்ளைகளை விரட்டினாள். பிறகு புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பலகையின் முனையைப் பிடித்தாள்.

"இருங்கக்கா, ஒரு போட்டோ," என்றான் அருள்மொழி. எடுத்தான். நாலு பக்கமிருந்தும் எடுத்தான். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு மறுமுனையைப் பிடித்தான். இரண்டு பலகையையும் இழுத்துப் போட்டு மேலே கல்லை வைத்தார்கள். அதன்பிறகு அவன் நின்ற இடத்தில் நிற்கவில்லை. எதிர்வீட்டில் கேட்டான், டீக்கடையில் கேட்டான், கட்டடக்காரரின் வாட்ச்மேனைப் பிடித்துக் கேட்டான், ஒவ்வொன்றையும் யார் சொன்னது என்று பெயரோடு எழுதினான். நாலு மாசமாகத் தொட்டியை மூடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பிரதீப்பே இரண்டு தடவை போய்க் கேட்டிருக்கிறான்.

"ஆபீசுக்கு அனுப்புறேன்," என்றான் சாயங்காலம். "போடுவாங்களான்னு தெரியாது. தப்பா எழுதிட்டோம்னு போடவே மாட்டாங்க. ஆனா உங்க தாள்ல நான் கையெழுத்துப் போடுறேன். போதைன்னு எழுதுனது என் ஊகம். முன் இருக்கைன்னு எழுதுனது என் தப்பு. அப்படியே எழுதிக்குங்க."

வெள்ளிக்கிழமைப் பேப்பரில் ஏழாம் பக்கத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, 'மூடாத தொட்டியால் ஆபத்து' என்று வந்திருந்தது. மன்னிப்பு எதுவும் இல்லை. பாண்டியம்மாள் அதைக் கத்தரித்துத் தேனி பஸ் ஏறும்போது ரமீஸாவின் கையில் திணித்தாள். "இதையும் ஒட்டு தாயி. அன்னைக்கு நான் பாவின்னு சொன்னேன்ல. அதை யாரும் எழுதிவைக்கலியே, அது மட்டும் நல்லதாப்போச்சு."

தேனியில், குழந்தைகள் நலக் குழுவின் சின்ன அறையில் விசாரணை நடந்தது. நீள மேஜைக்குப் பின்னால் நடுவயது அம்மா ஒருவர், பக்கத்தில் இரண்டு பேர். சுசித்ராவும் பிரதீப்பும் நின்றார்கள். ரமீஸா தாளைப் பிரித்து மேஜையில் விரித்தாள். இடதுபக்கம் பேப்பர் துண்டு, வலதுபக்கம் யார் பார்த்தது, எங்கே, எப்போது, கையெழுத்து. பசை காய்ந்து தாள் அங்கங்கே முறுக்கிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா பைலில் இருந்த செய்தியையும் இந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஜீப் பெண்களின் பெருவிரல் ரேகையில் கொஞ்சம் நின்றார். ஆஸ்பத்திரிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஸ்டர் படத்தில் பேபிச்சேட்டனுக்கு அங்கேயே போன் போட்டுக் கேட்டார். பிறகு ஒரு துண்டின் மேல் விரலை வைத்தார்.

"கவனிக்க ஆளின்றி. இதுக்கு எதிர்ல உண்மைன்னு எழுதியிருக்கு. தாழ்ப்பாள் போடலைன்னு அப்பா சொன்னதாக எழுதியிருக்கு. இதை எதுக்கும்மா நீங்களே கொண்டாந்தீங்க?"

ரமீஸா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சுசித்ராவே பேசினாள்.

"நடந்ததுங்கம்மா. அதை ஒளிச்சா மத்ததை எப்படி நம்புவீங்க? அவருக்கு அன்னைக்கு நிக்க முடியல. நான் மலையில இருந்தேன். தாப்பாள் போட மறந்துட்டாரு. அதுக்கு நாங்க சாகுற வரைக்கும் அழுவோம். ஆனா நாங்க அந்தப் பேப்பர்ல இருக்குற ஆளுங்க இல்லைங்க."

அந்த அம்மா பைலில் ஏதோ குறித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த இருவரிடமும் தணிந்த குரலில் பேசினார். பிறகு பைலிலிருந்த பேப்பர் துண்டை உருவி எடுத்துத் தாளுக்கு அடியில் வைத்தார்.

"நேத்துக் கார்த்திகாகிட்டயும் பேசினேன். அப்பா தலைவாரி விடுவாரு, அம்மா வந்ததும் வீட்டுப்பாடம் பாப்பாங்கன்னா. இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. மாசம் ஒரு தடவை எங்க ஆள் வந்து பாப்பாங்க. தொட்டி விஷயமா நான் தனியா எழுதுறேன்."

சுசித்ரா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிரதீப் கீழே உட்கார்ந்துவிட்டான்.

"ஒண்ணு," என்றார் அந்த அம்மா ரமீஸாவிடம். "ஒட்டுப் போட்டது பைல்ல நிக்காது, கழண்டு விழுந்துரும். இதே மாதிரி நல்ல தாள்ல எழுதிக் குடுங்க. இதைப் பாத்துத்தான் உத்தரவு எழுதினேன்னு இருக்கணும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ரமீஸா எழுத ஆரம்பித்தாள். கை பறந்தது, ஆனால் ஒரு எழுத்தும் கோணவில்லை. ஒன்று, பிரதீப், வயது முப்பத்து மூன்று, உண்மை. ஐந்தாவதைத் தொடங்கும்போது விடுதியிலிருந்து ஆட்டோ வந்து நின்றது. பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண் பிள்ளை இறங்கி ஓடிவரும் சத்தம் கேட்டது. சுசித்ராவின் குரல் முதன்முறையாக உடைந்து வெளியே வந்தது. ரமீஸா தலையைத் தூக்கினால் எழுத்து போய்விடும் என்று தூக்காமல் எழுதினாள். பதினொன்றாவது வரிவரைக்கும் எழுதினாள். அதற்குக் கீழே பன்னிரண்டு என்று எண் போட்டு, 'தொட்டி மூடப்படவில்லை. இது செய்தியில் இல்லை' என்று எழுதினாள். பேனாவை மூடி, முதலிலிருந்து ஒரு தடவை விரல் வைத்துச் சரிபார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், மை காயாத தாளை இரண்டு கையிலும் ஏந்தி அந்த அம்மாவிடம் கொடுத்தாள்.